நமிசேயில் இல்லாத ரயில் நிலையம்

தொமொயேவுக்கு உட்காரத் தெரியாது. அறுபத்தொரு வயதில் முப்பத்தெட்டு வருஷத்தை நின்றே கழித்தவள். முடிதிருத்தும் கடையில் நாற்காலி இருப்பது வருகிறவர்களுக்குத்தானே, கடைக்காரிக்கு ஏது? வீட்டிலும் அதே கதைதான். வாயில் சோறு இருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள். திறந்த கையோடு மூடுவாள். காலையில் துடைத்து வைத்த கத்தரிக்கோல்களை மறுபடி எடுத்துத் துடைப்பாள். "அம்மா, உங்க காலுக்குக் கீழ என்ன நெருப்பா கொட்டி வெச்சிருக்கு? ரெண்டு நிமிஷம் உக்காருங்களேன்" என்று மகள் மினோரி வருகிறபோதெல்லாம் சண்டை பிடிப்பாள். இவள் உட்காருவாள். அடுத்த நிமிஷம் அடுப்படியில் நிற்பாள்.

கடை அவள் அப்பா விட்டுப் போனது. நமிசேயில் துறைமுகத்துக்கு ஏறுகிற சந்தில் மூன்று நாற்காலி, நீலச் சில்லு ஓடு பதித்த சுவர், வாசலில், கடை திறந்திருக்கும்போது சிவப்பு வெள்ளை நீலம் சுற்றுகிற கம்பம். புருஷன் தெத்சுரோவுக்குப் படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிற வேலை. எதிர்த் தீவுக்குப் பாலம் கட்டினார்கள், படகு நின்றது, வேலை போனது. அதற்கப்புறம் ஒரு வருஷம் மனுஷன் பெண்டாட்டி கடையில் தரையில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். "சீட்டுக் கிழிச்ச கை இப்ப முடி கூட்டுது, முன்னேற்றம்தான்!" என்று வாடிக்கைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார். தொமொயேவும் சிரிப்பாள். அவள் சிரித்திருக்கக் கூடாது. அது பிறகுதான் புரிந்தது. பட்ட பிறகு வருகிற புத்தியால் யாருக்கு என்ன லாபம்?

அக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கடைக்கு விடுமுறை நாள், "பல்பு வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

முதல் ஏழு வருஷம் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் அவர் இடத்தில் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் மிசோ சூப் வைத்தாள். வெளியூர் போனவர் எங்கே இருந்தாலும் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று அங்கே அப்படி வைப்பது வழக்கம். ஆறிப் போனதும் அதைத் தானே சாப்பிடுவாள். ஏழாம் வருஷம் மினோரிக்கு ஒரு வரன் அமைந்தது. பையன் தங்கம். அவன் அப்பா மொரிவாகி, பக்கத்து ஊரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைக் காலர்கூட மடங்காத மனுஷர். அப்பா இல்லாத பெண்ணை எவரும் ஏற்பார்கள், அப்பா ஓடிப் போன பெண்ணை ஏற்பார்களா? தொமொயே ராத்திரியெல்லாம் நடந்து நடந்து யோசித்தாள். பிறகு மகளுக்கே சொல்லாமல் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனாள். ஏழு வருஷம் காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பம் எழுதி முத்திரை குத்தினாள். அறிவிப்பு வந்தது. தெத்சுரோ இறந்துபோனார்.

சாப்பாட்டு மேஜையில் வைத்த கிண்ணம் அன்றிலிருந்து, இறந்தவர்களைக் கும்பிடுகிற பூசை அலமாரிக்குப் போனது. பிக்கு சாமி, இறந்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி, ஒரு மறுமைப் பெயர் வைத்துக் கொடுத்தார். அதைக் கறுப்புப் பலகையில் தங்க எழுத்தில் பொறித்து உள்ளே நிறுத்தினாள். முதல் வருஷத் திதி, மூன்றாவது, ஏழாவது எல்லாவற்றுக்கும் சம்பந்தி மொரிவாகி கறுப்பு உடுப்பில் வந்து, பலகைக்கு முன் நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் தொமொயே எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடுவாள். சாவையே முதலாவதாக எண்ணுவார்கள் என்பதால், பன்னிரண்டு வருஷம் முடிகிற இந்த அக்டோபரில் வருவது பதிமூன்றாவது.

அதற்கு முன்னால் சினிமா வந்தது.

நகராட்சியில் படப்பிடிப்புக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிற வேலை அரிமாவுக்கு. முப்பது வயது, ஓயாத வாய். போன வசந்தத்தில் ஒரு நாள் கையில் அன்பளிப்புத் துண்டுப் பொட்டலங்களோடு சந்தில் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தான். "அக்கா, ஒரு படம். கதாநாயகி முடிதிருத்துறவ. உங்க கடையைப் பார்த்ததும் இயக்குநர் அப்படியே நின்னுட்டார். ஒன்பது நாள் குடுங்க."

"என் சுவத்துல ஆணி அடிப்பீங்களா?"

"ஒரு குண்டூசி குத்த மாட்டோம்."

"அப்ப எடுங்க."

கதாநாயகியாக நடித்த பெண்ணுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவளும் தொமொயேதான். பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, வெடிக்காமல் வழிக்கச் சொன்னாள். பதினேழு பலூன் வெடித்தது. பதினெட்டாவது வெடிக்கவில்லை, நடிகை அழுதுவிட்டாள்.

படத்தில் வருகிற ஊர் ஒன்றுதான், ஆனால் அதை மூன்று ஊரில் எடுத்தார்கள். சந்தும் கடையும் துறைமுகமும் நமிசே. பள்ளிக்கூடம் வேறெங்கோ மலையடிவாரத்தில். ரயில் நிலையம் மூன்று மணி நேரம் தள்ளி, உள்நாட்டில் இருக்கிற கமியோரி. நமிசேயில் ரயிலே கிடையாது, பேருந்துதான்.

முன்னோட்டக் காட்சியை நகராட்சி மண்டபத்தில் ஊர்க்காரர்களுக்காக வைத்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்று, மதியம் ஒன்று. சந்தே திரண்டு வந்திருந்தது. அவரவர் வீட்டு வேலி திரையில் வந்தால் கைதட்டல், அடுத்தவர் வீட்டுத் துணிக்கொடி வந்தால் சிரிப்பு. கதாநாயகி தொமொயே கடைக் கதவைத் திறந்து வெளியே வருகிறாள், அரிசி அப்பளக் கடை மூலையில் வலப்பக்கம் திரும்புகிறாள். திரும்பினால் ரயில் நிலையம்! மண்டபம் அதிர்ந்தது.

"அடேங்கப்பா, எப்ப வந்தது ரயிலு?"

"எங்க பின்கட்டுல நிலையம் இருக்கறது எனக்கே தெரியாது! நாளைக்கே சீட்டு எடுக்கறேன்!"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்த தொமொயேவுக்கு, மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நிலையத்திலிருந்து வெளியே வருகிற கூட்டத்தில் ஓர் ஆள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மூலையை நோக்கி நடந்து திரும்பி மறைந்தார். நான்கு வினாடி இருக்கும். முகம் தெரியவில்லை. அவளுக்கு முகம் எதற்கு? பின்தலை தெரிந்தது.

இரட்டைச் சுழி. நம் பக்கம் இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். அங்கே பிடிவாதக்காரன் என்பார்கள். தெத்சுரோவின் சுழி இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். குட்டையாக வெட்டினால் நடுவில் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். கல்யாணமான புதிதில் நாலைந்து மாதம் போராடி அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இடப்பக்கச் சுழியில் மட்டும் இரண்டு விரல் நீளம் விட்டு, வலப்பக்கத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நீளமானது குட்டையானதின் மேல் படிந்து அடங்கிவிடும். எந்தத் தொழில் பள்ளியிலும் இது பாடமில்லை. திரையில் போன தலையில் முடி அப்படித்தான் வெட்டியிருந்தது.

மதியக் காட்சிக்கும் போனாள். இந்தத் தடவை உட்காரவேயில்லை. சுவரோரமாய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று அந்த நான்கு வினாடியைக் கண்ணாலேயே விழுங்கினாள். நரைத்திருந்தது. மெலிந்திருந்தது. இடக்காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை மாறவில்லை.

சாயங்காலம் மினோரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். மகள் வெடித்தாள்.

"பின்மண்டையைப் பாத்து அப்பான்றீங்களா? நாட்டுல ரெட்டைச் சுழி எத்தனை லட்சம் பேருக்கு இருக்கு!"

"வெட்டு என்னோடது, மினோரி."

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை திதி. சாமிக்குச் சொல்லியாச்சு. மாமனார் மாமியார் வராங்க. பன்னெண்டு வருஷமா அவங்க இந்த வீட்டுல தலை வெச்சுக் கும்பிடறாங்க. இப்பப் போய் உயிரோட இருக்கார்னு சொன்னா என் மூஞ்சியை எங்க கொண்டு வெக்கறது? தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு இருங்க."

வாயை மூடலாம். காலை என்ன செய்வது? உயிரோடு இருக்கிற மனுஷனுக்குத் திதி கொடுப்பதா, கொடுக்காமல் ஊர் முன்னால் பொய்க்காரியாக நிற்பதா? எட்டு நாள்தான் இருந்தது. அன்று ராத்திரி கடைத் தரையைத் தொமொயே மூன்று தடவை துடைத்தாள்.

ஞாயிறு காலையில் அரிமாவைப் பிடித்தாள். அவன் கையைப் பிசைந்தான். "அக்கா, கூட்டத்துல வந்தவங்க பேரைச் சொல்லக் கூடாது. விதி. என் வேலை போயிடும்."

"பேர் வேணாம். எங்கேர்ந்து வந்தாங்க?"

"நிலையத்துக்கு எதிர்ல இருக்கறவங்களைத்தான் கூப்பிட்டாங்க. கடைக்காரங்க, குடியிருக்கறவங்க. அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லலை."

"நீ ஒண்ணும் சொல்லலை."

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் பேருந்தில் ஏறிவிட்டாள். கடைக்கு விடுமுறை, தோதான நாள் என்று. திட்டமும் கச்சிதம். முடிதிருத்துகிறவர்களுக்கு மனுஷன் பெயர் மறக்கும், முகம் மறக்கும், தலை மறக்காது. நிலையத்தைச் சுற்றி இருக்கிற கடைகளில் ஏறி ஒரு தலையை விவரித்தால் போதும். கமியோரியில் இறங்கி முதல் கடைக்குப் போனாள். வாசல் கம்பம் சுற்றவில்லை. இரண்டாவது கடையிலும் சுற்றவில்லை. மூன்றாவது கடைவாசலில் தொங்கிய 'திங்கள் விடுமுறை' அட்டையைப் பார்த்ததும்தான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷமாகத் தான் கடை சாத்துகிற கிழமையில் மற்ற தொழில்காரர்களும் சாத்துவார்கள் என்பது உறைக்காமல், மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறாள்! நடைமேடையில் நின்றபடி ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸை நாக்குச் சுட விழுங்கிவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை நமிசேயில் ஒரு காரியம் நடந்தது. அவள் கடை சாத்தியிருந்தது. அப்பா செத்த அன்றுகூட மதியத்துக்கு மேல் திறந்த கடை. சந்துக்காரர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதோ என்று பேசிக்கொண்டார்கள்.

கமியோரியில் நான்கு கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாவது, சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு நாற்காலிக் கடை. கடைக்காரர் நெகிஷிக்கு எழுபது இருக்கும். தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் எப்படி இருப்பார்?"

"முகம் இப்ப எப்படின்னு தெரியாது. தலையைச் சொல்றேன்."

"அதைச் சொல்லுங்க, போதும்."

"ரெட்டைச் சுழி, எதிரும் புதிருமா. வலது காதுக்கு மேல அரை அங்குலத் தழும்பு. பிடரி முடி இடப்பக்கம் தாழ்ந்து வளரும்."

நெகிஷியின் கத்தி நின்றது. "பிடரி தாழ்ந்து வளரும், ஆமா. மூணு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, பத்து மணிக்கு வருவார். சைக்கிள் நிறுத்தத்துல வேலை. முதல் நாளே சொல்லிட்டார், இடது சுழியில ரெண்டு விரல் விடுங்கன்னு. யாருய்யா இந்த வித்தையைச் சொன்னதுன்னு கேட்டேன். வீட்டுல சொல்லுவாங்கன்னார்." அவர் இவளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"வீட்ல சொல்றவ."

கிழவர் நாட்காட்டியைப் பார்த்தார். "நாளன்னிக்கு வியாழன். வர வேண்டிய முறை."

வியாழன் பத்து மணிக்கு நெகிஷியின் வெள்ளை அங்கியை மாட்டி, முகமூடி கட்டி, தொமொயே நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மணி அடிக்கிற கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். "ஐயாவுக்கு இடுப்பு வலியா? ஆள் வெச்சிருக்கீங்க" என்றார். நெகிஷி உள்ளேயிருந்து "ம்" என்றார். தெத்சுரோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான், கடையில் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார்.

இவள் வெட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் தலை சுருங்கியிருந்தது, உச்சியில் தோல் தெரிந்தது. கை தானாக வேலை செய்தது. பிறகு நாற்காலியைச் சாய்த்து, சுடுதுண்டைக் கண்ணுக்கு மேல் போர்த்தி, நுரை தடவி, கத்தியை எடுத்தாள். இரண்டாவது இழுப்பில் துண்டுக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"தொமொயே."

கத்தி கழுத்திலேயே நின்றது.

"நீ மட்டுந்தான் மோவாய்க்குக் கீழேர்ந்து ஆரம்பிப்பே" என்றார். "வெட்டறதுன்னா வெட்டிடு."

"கத்தி நெகிஷி ஐயாவோடது. உங்க ரத்தத்தை யார் கழுவறது? ஆடாம இருங்க."

மிச்சத் தாடையையும் வழித்து முடித்தாள். துண்டை எடுக்கவும் அவள் கை போகவில்லை, எடுக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. துண்டு மூடியபடியேதான் பேசினார்.

"அன்னிக்குப் பல்பு கடை சாத்தியிருந்துச்சு. அடுத்த ஊர்ல வாங்கலாம்னு பஸ்ஸுல ஏறினேன். இறங்கத் தோணலை. அந்தக் கடையில விளக்குமாத்தோட இன்னொரு நாள் நிக்க முடியாதுன்னு தோணிச்சு. ஒரு வாரத்துல திரும்பிடலாம்னுதான் இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு வெக்கமா இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு இன்னும் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வருஷம் ஓடிப் போச்சு."

"வாயில்லையா? ஒரு கடுதாசி எழுதக் கையில்லையா?"

"எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒரு வேலைக்காகக் குடும்பப் பதிவு நகல் கேட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு, பாவம், ரொம்ப மரியாதையா சொல்லிச்சு, 'மன்னிக்கணும், நீங்க இறந்துட்டீங்க'ன்னு. தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா!"

"வேற என்ன கேக்கறது? நீ முடிவு பண்ணிட்டேன்னு புரிஞ்சுது. உன் முடிவுல நான் என்னிக்குத் தலையிட்டிருக்கேன்?"

மினோரியின் கல்யாணத்துக்காகச் செய்ததைத் தொமொயே சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது, உள்ளே நெகிஷி வானொலியைச் சத்தமாக வைத்தார். "உங்களுக்குச் செத்துப் போயிட்டு நிம்மதியா சைக்கிள் எண்ணிக்கிட்டு இருக்கத் தெரிஞ்சுது. ஒவ்வொரு நாளும் ஊதுபத்தி ஏத்திக்கிட்டு உக்கார முடியாம அலைஞ்சவ நான்! போதாததுக்குச் சினிமாவுல வேற வந்து முதுகைக் காட்டறீங்க!"

"மூலையில உன் கடைன்னு தெரிஞ்சுதான் போனேன்" என்றார் தெத்சுரோ. "உதவி இயக்குநர்கிட்ட, இந்த மூலை திரும்பினா என்னய்யா வரும்னு கேட்டேன். நமிசேயில ஒரு முடிதிருத்துற கடைன்னார். நாலு தடவை எடுத்தாங்க. நாலு தடவையும் திரும்பினேன். அந்தப் பக்கம் குப்பைத் தொட்டிதான் இருந்துச்சு."

அவள் அழுதாள். துண்டுக்குக் கீழே அவரும் அழுதிருக்க வேண்டும், காதோரம் ஈரம் வழிந்தது. ஆனால் தொமொயே அழுகையில் கரைந்து போகிற ஜாதியில்லை. மூக்கைச் சிந்தினாள், அங்கியைக் கழற்றி மாட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு உங்களுக்குப் பதிமூணாவது திதி."

"யார் யார் வராங்க?"

"உங்களைத் தவிர எல்லாரும். நீங்களும் வாங்க. பத்து நாப்பது பஸ்ஸு சந்துமுனையில நிக்கும். வந்து மனுஷனா எல்லார் முன்னாடியும் உக்காருங்க, நான் படறதைப் பட்டுக்கறேன். வரலைன்னா சாமியை ஆரம்பிக்கச் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் நீங்க செத்தவர்தான். இனிமே நான் உங்களைத் தேட மாட்டேன்."

இவள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். மினோரியும் புருஷனும், சம்பந்தி மொரிவாகியும் அவர் மனைவியும். கடைக்குப் பின்னால் இருந்த பாய் விரித்த அறையில் வரிசையாகத் திண்டு போட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். பூசை அலமாரியில் கறுப்புப் பலகை, பக்கத்தில் படகுத்துறைத் தொப்பியோடு தெத்சுரோவின் படம். தொமொயே ஒரு திண்டு கூடுதலாகப் போட்டாள். "இது யாருக்கு?" என்றாள் மினோரி பல்லைக் கடித்துக்கொண்டு. "சும்மா" என்றாள். வாசலுக்குப் போனாள், வந்தாள், தேநீர் ஊற்றினாள், மறுபடி வாசலுக்குப் போனாள். பத்து நாற்பது பேருந்து வந்து நின்றது. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பேருந்து போய்விட்டது.

பதினோரு மணிக்குச் சாமி கேட்டார், "ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க" என்றாள்.

மணி ஒலித்தது. சாமியின் குரல் தாழ்ந்து எழுந்தது. ஊதுபத்திக் கிண்ணம் கைமாறி வந்தது. மொரிவாகி முதலில் முன்னே நகர்ந்து, ஒன்றை ஏற்றி நட்டு, பலகையின் முன் நெற்றி பாயில் படக் கும்பிட்டார். அடுத்தது தொமொயேவின் முறை. ஏற்றினாள். குச்சி கையில் புகைந்தது. மூன்று நாளைக்கு முன்னால் இதே விரலுக்கு நடுவில் அந்த மனுஷனுடைய ஈரத் தலைமுடி இருந்தது. வரவில்லை. சரி, கோழை. கோழையாய் இருப்பது வேறு, செத்துப்போவது வேறு. இரண்டாம் தடவை அவரைக் கொல்ல அவள் கை போகவில்லை.

"சாமி, நிறுத்துங்க."

சாமி மணிக்கோலைப் பிடித்த கையோடு திரும்பினார். மினோரி "அம்மா!" என்றாள்.

"இவர் சாகலை" என்றாள் தொமொயே. நின்றுகொண்டுதான் சொன்னாள். "பல்பு வாங்கப் போய் ஓடிப் போனவர். உயிரோட இருக்கார். வியாழக்கிழமை நான்தான் அவருக்கு முடி வெட்டினேன், மூணு வாரத்து முடி. செத்தவருக்கு முடி வளருமா? இந்த வீட்டுக்கு நீங்க சம்பந்தம் பேச வந்தப்ப, ஓடிப் போனவர் பொண்ணுன்னு சொல்ல பயந்துக்கிட்டு, நீதிமன்றத்துல எழுதிக் குடுத்து நான்தான் அவரைச் சாகடிச்சேன். பன்னெண்டு வருஷமா உங்களை ஒரு பொய்க்கு முன்னாடி விழுந்து கும்பிட வெச்சிருக்கேன். மினோரிக்கு இதுல சம்பந்தமில்லை. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

திட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மொரிவாகி மெதுவாக இரண்டு கையையும் பாயில் ஊன்றினார். கிழவரின் கழுத்து சிவந்திருந்தது.

"நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும், சம்பந்தியம்மா" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஆள் வெச்சு விசாரிச்சோம். பொண்ணு எடுக்கறவங்க செய்யறதுதான். ஓடிப் போனவர்னு அப்பவே தெரியும். பொண்ணு நல்ல பொண்ணு, அதனால என்னன்னு நாங்க சம்மதிச்சுட்டோம். அதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள இறந்துட்டார்னு சொல்லிட்டீங்க. உங்க மனசு நோகுமேன்னு அப்படியே விட்டுட்டோம்."

"தெரிஞ்சேவா இத்தனை வருஷம் கும்பிட்டீங்க?"

"நீங்க கும்பிட்டீங்க. நாங்களும் கும்பிட்டோம்."

மினோரி புருஷனைப் பார்த்தாள். அவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும்.

கூடுதலாகப் போட்ட திண்டில் தொமொயே பொத்தென்று உட்கார்ந்தாள். யாரும் கேட்காத ஒரு சாவு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள். ஒரு வார்த்தை இவள் சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை அவர்கள் சொல்லியிருந்தால், மேஜையில் இருந்த சோறு மேஜையிலேயே இருந்திருக்கும். அந்தக் கவுன்ட்டரில் ஒரு மனுஷன் தான் இறந்ததற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்க மாட்டான்.

"அப்போ யாருக்காக நான் அவரைக் கொன்னேன்?" என்று கேட்டாள்.

மொரிவாகி குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. கையில் ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பூசைக்கு ஏற்றியதை வாயால் ஊதக் கூடாது, கையால் விசிறித்தான் அணைக்க வேண்டும். தொமொயே அதை முகத்துக்கு நேரே பிடித்து, சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பலமாக ஊதி அணைத்தாள்.